4, 7, 10, 13: விதியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

4, 7, 10, 13 என்ற எண் தொடரின் விதியை இரண்டு விதமாகச் சொல்லலாம். முந்தைய எண்ணுடன் 3 கூட்டு என்பது ஒன்று. எத்தனையாவது இடமோ அதை 3 ஆல் பெருக்கி 1 கூட்டு என்பது மற்றொன்று.

முதல் வழிக்குக் கூட்டல் தெரிந்தால் போதும். ஆனால் 100 ஆவது எண்ணைக் கேட்டால் திணறல்தான். தொடக்க எண்ணைச் சொல்லாவிட்டால் விதியும் அரைகுறை. 5, 8, 11 கூட 3 கூட்டும் தொடர்தானே!

இரண்டாவது வழியில் 301 என்ற விடை உடனே கிடைக்கும். சூத்திரமாக மட்டும் கொடுத்தால் அது வெறும் மனப்பாடம். குச்சிகளால் சதுரங்களை ஒட்டினாற்போல் வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். முதல் சதுரத்துக்கு 4 குச்சிகள். அடுத்த ஒவ்வொன்றுக்கும் 3, ஏனென்றால் ஒரு பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இடது ஓரத்தில் நிற்கும் ஒற்றைக் குச்சிதான் அந்த 1. மீதியெல்லாம் மும்மூன்றாக வரும்.

பெருக்கல் வாய்ப்பாடு கைவரும் வரை முதல் வழியே போதும் என்பேன். அதன்பின் குச்சிகளோடு இரண்டாவதைத் தொடங்கலாம். இட எண்ணையும் அதற்குரிய தொடர் எண்ணையும் எழுதும் அட்டவணையை நிரப்பச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குழந்தைகள் இட எண்ணைப் பார்க்காமலேயே 3 கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.