வீட்டு லேண்ட்லைனில் கால் வெயிட்டிங்: சில வருஷம் வைத்திருந்து எடுத்துவிட்டோம்

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குக் கால் வெயிட்டிங் சரிப்படாது, சில வருஷம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அம்மாவுக்குச் செல்போன் ஒத்துவரவில்லை, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடமாக இருப்பதும் அந்தப் பழைய 0413 நம்பர்தான். நான் வேலைக்குக் கடலூர் போய்வருகிறேன், அக்கா பாரிஸில். அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கூப்பிடுவாள், குளிர்காலமென்றால் இங்கே ஐந்தரை மணி, அதே நேரத்தில்தான் அம்மா பெரியம்மாவோடு கதை பேசிக்கொண்டிருப்பார். லைனே கிடைப்பதில்லை என்று அக்கா புலம்பியதால் போட்டதுதான் இந்தக் கால் வெயிட்டிங்.

பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கால் வந்தால் காதில் 'பீப்' கேட்கும், ஃபிளாஷ் பட்டனை அழுத்தினால் முதல் ஆள் காத்திருப்பார், புது ஆளோடு பேசலாம். சில இணைப்புகளில் ஃபிளாஷுக்கு அப்புறம் 2-ஐயும் அழுத்த வேண்டும். பட்டன் இல்லாத பழைய போனில் ரிசீவர் வைக்கும் இடத்தை லேசாகத் தட்டணும், அதுதான் அம்மாவுக்கு வரவே இல்லை. ஃபிளாஷ் என்பது கண நேரம் லைனைத் துண்டித்துச் சேர்ப்பது, அவ்வளவுதான். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போனை வைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கட் ஆகிவிடும். போனுக்குப் போன் இந்த நேரமும் மாறும், சிலது 100 மில்லி செகண்ட், சிலது 600. ஃபைபர் இணைப்புக்கு மாறியபோது எங்கள் போனின் ஃபிளாஷை, போனைச் செருகும் அந்த மோடம் பெட்டி கண்டுகொள்ளவே இல்லை, அதன் செட்டிங்கில் ஃபிளாஷ் நேரத்தை மாற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பீப் கேட்டதும் பெரியம்மாவிடம் "அப்புறம் பேசறேன் அக்கா" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டால் போதும், காத்திருக்கும் கால் உடனே மணி அடித்து வரும். பட்டனே தேவையில்லை. அம்மா இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் பீப் காதில் விழுந்தால்தானே! அம்மாவுக்குப் பாதி நேரம் கேட்காது, கேட்டாலும் பேச்சு சுவாரஸ்யத்தில் விட்டுவிடுவார். கூப்பிடுகிறவருக்கோ பிஸி டோன் வராது, சாதாரணமாக மணி அடிப்பது போலத்தான் கேட்கும். முன்பு பிஸி டோன் வந்தால் 'சரி, யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார்' என்று அக்கா நிம்மதியாக இருப்பாள். இப்போது மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை, அம்மா பாத்ரூமில் விழுந்துவிட்டாரோ என்று பதறி எனக்குப் போன் செய்வாள், நான் பக்கத்து வீட்டு மாமியை அனுப்புவேன், அங்கே அம்மா ரிசீவரும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருப்பார். இப்படி எத்தனை முறை!

கடைசியில் கால் வெயிட்டிங்கை எடுத்துவிட்டு, லைன் பிஸியாக இருந்தால் மட்டும் என் மொபைலுக்குத் திருப்பிவிடும் ஃபார்வேர்டிங்கைப் போட்டேன். இரண்டும் சேர்ந்து இருந்தால் பிரயோஜனமில்லை, கால் வெயிட்டிங் இருக்கும்வரை இரண்டாவது காலுக்கு லைன் பிஸி என்றே ஆகாது. இப்போது தவளக்குப்பம் தாண்டும்போது பஸ்ஸில் என் போன் அடித்தால் அம்மா பேச்சில் இருக்கிறார் என்று அர்த்தம், அக்காவிடம் அதைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

திருப்பிவிடும் காலுக்கான கட்டணம் நம் கணக்கில் விழும், உங்கள் பிளானைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபார்வேர்டிங் போட அழுத்த வேண்டிய கோட் எல்லா இணைப்புக்கும் ஒன்றல்ல, கஸ்டமர் கேரில் கேட்பதே நல்லது. லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 போட வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் நடைமுறை, அதனால் ஃபார்வேர்டு நம்பரை ஏற்காவிட்டால் முதலில் அந்த 0 இருக்கிறதா பாருங்கள்.