பிபிடிக்குள் ஆவணங்கள்: உள்ளேயே வைப்பதா, பக்கத்தில் வைத்து இணைப்பதா?

கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பிபிடி தயாராக வேண்டும். எங்கள் தமிழ்த்துறைக்கு அதைச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஸ்லைடு போடுவது பெரிய விஷயமில்லை. ஸ்லைடில் சொன்னதற்கு ஆதாரம் கேட்பார்களே, அதைத் தயாராக வைத்திருப்பதுதான் வேலை. பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் மினிட்ஸ், எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) நகல், மாணவர் ஃபீட்பேக், அதன் மேல் எடுத்த நடவடிக்கை எல்லாம் வேர்டு, எக்செல், ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்று பல வடிவத்தில் இருக்கும். "அந்த மினிட்ஸைக் காட்டுங்க மேடம்" என்று கேட்டால் அடுத்த நொடி திரையில் வர வேண்டும். குழுவினர் முன்னால் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

பவர்பாயின்டில் இதற்கு நாலு வழி உண்டு. ஆவணத்தையே ஸ்லைடுக்குள் பதித்துவிடுவது ஒன்று. வெளியே இருக்கும் ஃபைலோடு உயிருள்ள இணைப்பு கொடுப்பது இரண்டாவது. பக்கத்தைப் படமாக எடுத்து ஸ்லைடில் போட்டு, முழு ஆவணத்துக்கு ஹைப்பர்லிங்க் கொடுப்பது மூன்றாவது. கூகுள் டிரைவில் ஏற்றி அதன் லிங்க்கைக் கொடுப்பது நாலாவது. நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது. அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

பதித்து வைப்பது

இன்சர்ட், ஆப்ஜெக்ட், கிரியேட் ஃப்ரம் ஃபைல் என்று போனால் ஆவணம் ஸ்லைடுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். எல்லாம் ஒரே ஃபைலாக இருக்கும் என்பதால் பார்த்தவுடன் பிடித்துப்போகும் வழி இது. பென் டிரைவில் ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் போதும். எனக்கும் முதலில் இதுதான் சரி என்று பட்டது.

சிக்கல் உள்ளே போகப் போகத் தெரியும். பல பக்கமுள்ள வேர்டு ஃபைலைப் பதித்தால் ஸ்லைடில் தெரிவது முதல் பக்கம் மட்டும்தான். ஸ்லைடு ஷோ ஓடும்போது அதைச் சொடுக்கினால் திறக்காது. அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும். திறக்க வேண்டுமானால் ஆக்‌ஷன் என்ற இடத்தில் தனியாக அமைத்திருக்க வேண்டும். பிடிஎஃப் என்றால் இன்னும் ஒரு படி: அதைத் திறக்கக்கூடிய மென்பொருள் அந்தக் கணினியில் சரியாகப் பதிவாகி இருக்க வேண்டும். உங்கள் கணினியில் அக்ரோபேட் இருக்கும், செமினார் ஹால் கணினியில் இருக்காது. பிரவுசரில் ஓடும் பவர்பாயின்டில் இப்படிப் பதித்தது வெறும் படமாகத்தான் தெரியும். மேக் கணினியில் எனக்கு அனுபவம் குறைவு. ஆனால் விண்டோஸில் பதித்த பிடிஎஃப் அங்கே திறக்கும் என்று நம்பி நான் மேடை ஏற மாட்டேன்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எக்செலில் இருந்து ஒரு சின்ன அட்டவணையைப் பதித்தால், அட்டவணை மட்டும் உள்ளே போவதில்லை. அந்த ஒர்க்புக் முழுவதும், எல்லா ஷீட்டும் சேர்த்துப் போகிறது. ஃபீட்பேக் சுருக்கம் இருக்கும் அதே ஃபைலின் அடுத்த ஷீட்டில் மாணவர் பெயர், கைபேசி எண், சில சமயம் ஆதார் எண் வரை இருக்கும். பிபிடியைப் பெறும் யாரும் டபுள் கிளிக் செய்து அவ்வளவையும் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. உங்கள் பிபிடிஎக்ஸ் ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து, அதன் பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். பிபிடி என்ற ஃபோல்டருக்குள் எம்பெடிங்ஸ் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும். பதித்த ஆவணங்கள் எல்லாம் அங்கே முழுசாக இருக்கும். 2007-இல் இந்த ஃபைல் வடிவம் வந்ததிலிருந்தே இப்படித்தான். மாணவர் விவரங்களைக் கையில் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே பதிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எழுத்துரு

என் முடிவை உறுதி செய்தது இதுதான். தமிழில் வேலை செய்யாதவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியாது.

கணினியில் தமிழ் எழுத்தைச் சேமிக்கும் குறியீட்டு முறைகளான யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தமிழக அரசு 2010-இலேயே தரமாக அறிவித்தாயிற்று. ஆனால் துறை அலமாரியிலும் பழைய ஹார்டு டிஸ்கிலும் இருக்கும் மினிட்ஸுகள் பாமினி, வானவில் என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அழகான தமிழ். இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பை. இப்படிப்பட்ட வேர்டு ஃபைலைப் பதித்து வைத்து, செமினார் ஹாலில் டபுள் கிளிக் செய்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

திறக்காமலே விட்டாலும் தப்பிக்க முடியாமல் போகலாம். பதித்த ஆவணத்துக்கு ஸ்லைடில் தெரியும் முகப்புப் படம் பெரும்பாலும் போட்டோ மாதிரி புள்ளிகளால் ஆனதில்லை. எழுத்தை எழுத்தாகவே, இன்ன எழுத்துருவில் வரை என்ற குறிப்போடு சேமிக்கும் மெட்டாஃபைல் வகை அது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேறொன்றை வைத்து வரையும். யூனிகோடு தமிழ்கூட இதில் கொம்பும் காலும் இடம் மாறிக் குலைய வாய்ப்பு உண்டு. பவர்பாயின்டின் ஆப்ஷன்ஸில் 'எம்பெட் ஃபான்ட்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஸ்லைடில் நாம் நேரடியாகத் தட்டிய எழுத்துக்குத்தான் உதவும். பதித்த வேர்டு ஃபைலுக்குள் இருக்கும் பாமினியை அது காப்பாற்றாது.

பிடிஎஃப் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. வேர்டிலிருந்து பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது எழுத்துரு பொதுவாக அதற்குள்ளேயே போய்விடும். பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் அதே தமிழ். படம் என்றால் அந்தக் கவலையே இல்லை.

உயிருள்ள இணைப்பு

அதே ஆப்ஜெக்ட் பெட்டியில் 'லிங்க்' என்பதை டிக் செய்தால், எக்செலில் எண் மாறும்போது ஸ்லைடிலும் மாறும். புள்ளிவிவரம் தினமும் திருத்தப்படும் காலத்தில் இது பெரிய உதவி. ஆனால் அது ஃபைலின் முழு முகவரியை, எந்த டிரைவ், எந்த ஃபோல்டர் என்று நினைவில் வைக்கிறது. உங்கள் கணினியில் டி டிரைவில் இருந்தது பென் டிரைவில் வேறு முகவரிக்குப் போய்விட்டால் இணைப்பு அறுந்துவிடும். திறக்கும்போதே இணைப்புகளைப் புதுப்பிக்கட்டுமா என்று ஒரு எச்சரிக்கைப் பெட்டியும் வரும்.

இதை மேசையில் வேலை செய்யும்போது மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. எண்கள் எல்லாம் உறுதியானதும் ஃபைல், இன்ஃபோ, 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' போய் 'பிரேக் லிங்க்' கொடுத்தால் அது சாதாரணப் படமாகிவிடும். எங்கள் துறையின் தேர்ச்சி விழுக்காட்டு அட்டவணைகளை அப்படித்தான் செய்தேன்.

படமும் லிங்க்கும்

சரி, நான் செய்தது.

முதலில் எல்லா ஆவணங்களையும் பிடிஎஃப் ஆக்கினேன். நூறு பக்க ஆண்டறிக்கையில் நமக்கு வேண்டியது இரண்டு பக்கம் என்றால், விண்டோஸ் 10-உடனேயே வரும் 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' மூலம் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் தனி ஃபைலாக எடுத்துவிட வேண்டும். கேட்பவர் முன்னால் நூறு பக்கத்தை உருட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதில்லை.

அடுத்து ஸ்லைடில் போடும் படம். முழு ஏ4 பக்கத்தை அப்படியே போடுகிறவர்கள் அதிகம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அகல ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், ஏ4 தாளின் உயரம் 11.69 அங்குலம். தாளை ஸ்லைடுக்குள் அடக்கினால் 12 புள்ளி எழுத்து 8 புள்ளிக்கும் கீழே போய்விடும். முதல் வரிசையில் இருப்பவருக்கே படிக்க முடியாது. அதனால் பிடிஎஃப்பைப் பெரிதாக்கி, தீர்மானம் இருக்கும் அந்த ஒரு பத்தியை மட்டும் விண்டோஸ்–ஷிஃப்ட்–எஸ் அழுத்தி வெட்டி எடுத்து ஸ்லைடின் அகலத்துக்குப் போட்டேன். கையெழுத்தும் தேதியும் இருக்கும் பகுதியை அதன் கீழே சின்னதாக. குழுவினர் பார்க்க விரும்புவது அந்த இரண்டையும்தான். எழுத்து மங்காமல் இருக்க ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்ட் பகுதியில், படங்களைச் சுருக்காதே என்பதை டிக் செய்துவிடுங்கள்.

பிறகு அந்தப் படத்தின் மேல் ஹைப்பர்லிங்க். இதில் வரிசை முக்கியம். முதலில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, பிபிடியை அதற்குள் சேமித்து, பிடிஎஃப்புகளையும் அதே ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு அப்புறம்தான் லிங்க் கொடுக்க வேண்டும். அப்போதுதான் 'என் பக்கத்தில் இருக்கும் இந்த ஃபைல்' என்று முகவரி பதிவாகும். ஃபோல்டரை எங்கே தூக்கிப் போனாலும் வேலை செய்யும். பிபிடியைச் சேமிக்காமலே லிங்க் கொடுத்தால் முழு முகவரியும் பதிவாகி, வேறு கணினியில் திறக்காது. ஃபைல் பெயர்களை ஆங்கிலத்தில், சின்னதாக, இடைவெளி இல்லாமல் வைத்தேன். தமிழ்ப் பெயரும் பெரும்பாலும் வேலை செய்யும்தான், ஆனால் பழைய கணினிகளில் எல்லாம் சோதித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை.

சொடுக்கினால் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வரலாம். சம்மதம் கொடுத்தால் பிடிஎஃப், வேறு மென்பொருள் இல்லாவிட்டால் எட்ஜ் பிரவுசரிலேயே திறக்கும். பார்த்து முடித்ததும் ஆல்ட்–டேப், மறுபடி ஸ்லைடு.

ஒன்றிரண்டு பக்க ஆவணங்களுக்கு இன்னும் உறுதியான வழி உண்டு. பக்கங்களைப் பெரிதாக வெட்டி, பிபிடியின் கடைசியில் தனி ஸ்லைடுகளாகப் போட்டு, 'ஹைடு ஸ்லைடு' கொடுத்து மறைத்துவிடலாம். முன்னால் இருக்கும் ஸ்லைடிலிருந்து 'பிளேஸ் இன் திஸ் டாக்குமென்ட்' வழியாக அங்கே லிங்க். சாதாரணமாக ஓட்டும்போது அவை வராது. கேட்டால் ஒரு சொடுக்கில் வரும். திரும்பி வர 'லாஸ்ட் ஸ்லைடு வியூடு' என்று ஒரு பட்டன் வைத்துவிட்டால் போதும். வெளி ஃபைல் எதுவும் தேவையில்லை, எச்சரிக்கைப் பெட்டியும் இல்லை. எம்ஓயூக்களின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் எல்லாவற்றையும் இப்படித்தான் வைத்தேன். கேள்வி வந்த இடங்களில் மிகவும் உதவியது இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. யாராவது பிபிடியை மட்டும் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிக்கொண்டால் பிடிஎஃப் லிங்க்குகள் எல்லாம் செத்துப்போகும். ஃபோல்டரை ஜிப் செய்து அனுப்பினாலும், பிரிக்காமல் ஜிப்புக்குள்ளேயே திறப்பவர்களுக்கு அதே கதி. மூல ஆவணத்தில் ஒரு திருத்தம் வந்தால் பிடிஎஃப், வெட்டிய படம் இரண்டையும் கையால் மாற்ற வேண்டும். ஆனால் கையெழுத்தான மினிட்ஸ் அடிக்கடி மாறும் ஆவணம் இல்லை. ஆதாரமாகக் காட்டுவது மாறாமல் இருப்பதுதான் முறையும்கூட.

டிரைவ் லிங்க்

இணையம் நன்றாக இருக்கும் இடத்துக்கு இது நல்ல வழி. டிரைவில் இருக்கும் பிடிஎஃப்பை 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' வழியாகப் புதுப்பித்தால் லிங்க் மாறாது. பிபிடியை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்புவதற்கும் இதுவே வசதி. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் நேரடியாக இணைக்க முடியாது அல்லவா? ஆனால் மேடையில் வைஃபை நின்றுபோனால் கையில் ஒன்றும் இருக்காது. அனுமதியைச் சரியாகக் கொடுக்காவிட்டால் ஆவணத்துக்குப் பதிலாக லாகின் பக்கம் வந்து நிற்கும். அனுமதியை எல்லோருக்கும் திறந்துவிட்டால், லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம். மாணவர் விவரம் உள்ள எதையும் நான் அப்படி வைக்க மாட்டேன்.

பதிப்பதுதான் சரி என்று சொல்லக்கூடிய இடமும் ஒன்று இருக்கிறது. பயிற்சி வகுப்பில், எல்லோர் முன்னாலும் எக்செலில் ஒரு எண்ணை மாற்றி, விடை எப்படி மாறுகிறது என்று காட்ட வேண்டும் என்றால் படம் உதவாது. அங்கே வேறு ஷீட் எதுவும் இல்லாத புதிய ஒர்க்புக்கில் அந்த அட்டவணையை மட்டும் நகலெடுத்து, அதைப் பதியுங்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் என் வழியில் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஃபோல்டரைப் பென் டிரைவுக்கு நகலெடுத்தபின் உங்கள் கணினியில் இருக்கும் மூல ஃபோல்டரின் பெயரை மாற்றிவிடுங்கள். பிறகு பென் டிரைவிலிருந்து பிபிடியைத் திறந்து ஒவ்வொரு லிங்க்கையும் சொடுக்குங்கள். பெயரை மாற்றாமல் சோதித்தால், முழு முகவரி பதிவான லிங்க்கூட உங்கள் கணினியில் இருக்கும் பழைய ஃபைலைத் திறந்து காட்டி எல்லாம் சரி என்று நம்பவைத்துவிடும். மாற்றிய பிறகும் திறக்கிற லிங்க்தான் செமினார் ஹாலிலும் திறக்கும்.