நாற்காலியில் உரிந்தது, பைக் பேனலில் நின்றது: நான்கு வருட ஸ்ப்ரே பெயிண்ட் அனுபவம்

முதல் கேனை வாங்கும்போது மூடியின் நிறத்தை மட்டும்தான் பார்த்தேன். கரும்பச்சை. ஒரே மதியத்தில் வெளுத்துப்போன பிளாஸ்டிக் நாற்காலிக்கும் பைக்கின் சைடு பேனலுக்கும் அடித்து முடித்தேன். காய்ந்ததும் இரண்டும் புதுசு போலத்தான் இருந்தன. மூன்றாவது வாரம் நாற்காலிக் கையில் நகம் பட்டதும், ஒரு விரல் நீளத்துக்குப் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. பேனலோ இன்று வரை அசையவில்லை.

கேனைத்தான் திட்டினேன். பிறகு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் முக்கோணத்துக்குள் 5, கீழே பிபி. அதாவது பாலிபுரோப்பிலீன். பேனலின் உள்பக்கம் ஏபிஎஸ் என்று இருந்தது, அது வேறு வகைப் பிளாஸ்டிக். விஷயம் அங்கேதான்.

ஏபிஎஸ்ஸின் மேற்பரப்பைப் பெயிண்டில் உள்ள கரைப்பான் லேசாக இளக்கும். பெயிண்ட் அதைக் கவ்விக்கொள்ளும். பிபியும், வாளி, டப்பா செய்யும் பாலிஎத்திலீனும் (முக்கோணத்துக்குள் 2 அல்லது 4) எதையும் ஒட்டவிடாத ரகம். கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், தாமரை இலையில் நிற்பது போல உருண்டு நிற்கும். எண் இல்லாத பொருளில் மறைவான இடத்தில் ஒரு துணுக்கு வெட்டித் தண்ணீரில் போடுவேன். பிபியும் பாலிஎத்திலீனும் மிதக்கும். ஏபிஎஸ், பிவிசி மூழ்கும். டால்க் போன்ற நிரப்பி சேர்த்த பிபியும் மூழ்கலாம், அதனால் இதை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

அதே நாற்காலியைச் சுரண்டி மறுபடி அடித்தேன். பாத்திர சோப்பில் கழுவி, 320 உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, பெயிண்ட் ஒட்டிக்கொள்ள உதவும் அட்ஹீஷன் புரமோட்டர் என்ற நிறமில்லாத ஸ்ப்ரேயை மெல்லிசாக இரண்டு தரம் அடித்து, கேனில் சொன்ன நேரத்துக்குள் பெயிண்ட். மூன்று வருடமாகிறது. கை, முதுகு எல்லாம் நன்றாக இருக்கிறது. உட்காரும் இடம் மட்டும் மங்கித் தேய்ந்துவிட்டது. தேய்மானத்துக்கு அந்த ஸ்ப்ரே என்ன செய்யும், பாவம். 'பிளாஸ்டிக்குக்கு ஏற்றது' என்று முன்னால் பெரிதாகப் போட்ட என் முதல் கேனின் பின்னால் பொடி எழுத்தில் பிபி, பாலிஎத்திலீன் தவிர என்று இருந்ததை அப்புறம்தான் படித்தேன்.

தெர்மாகோலில் சாதாரண ஸ்ப்ரே அடித்தால் கண்ணெதிரே குழி குழியாக உருகும். அது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் நுரை, கரைப்பான் அதைக் கரைத்துவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசிவிடுவது நல்லது. வளையும் மெத்து பிவிசியில் சில மாதங்களில் பிசுபிசுப்பு வந்தது. அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் மெல்ல வெளியேறிப் பெயிண்டை இளக்கிவிடுகிறது. ஹெல்மெட்டில் கை வைக்கவே மாட்டேன். பாலிகார்பனேட் ஓடு என்றால் கரைப்பான் பட்டுக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும், உயிரைக் காக்க வேண்டிய பொருள் அது.

அடிக்கும் முறையிலும் சூடுபட்டிருக்கிறேன். ஒருமுறை மழை ஈரத்தில் அடித்து, மேலே வெள்ளைப் புகை படிந்தாற்போல ஆகிவிட்டது. இன்னொரு முறை 'ஒரு மணி நேரத்துக்குள், இல்லாவிட்டால் 24 மணி நேரம் கழித்து' என்று கேனில் இருந்ததை மதிக்காமல் நடுவில் இரண்டாவது பூச்சு கொடுத்தேன். பால் ஆடை போலச் சுருங்கிவிட்டது. இப்போதெல்லாம் 25 சென்டிமீட்டர் தள்ளி, ஈரப்பதம் குறைந்த நாளில், மெல்லிய பூச்சாக மூன்று. தொட்டால் ஒட்டாது என்றதும் தூக்கி உபயோகிக்காமல் ஒரு வாரம் சும்மா விடுகிறேன்.

குளியலறை வாளியையும் பச்சையாக்கச் சொல்லி வீட்டில் கேட்கிறார்கள். கவிழ்த்துப் பார்த்தேன், 2. வாளி அதன் பழைய சிவப்பிலேயே இருக்கிறது.