மூன்றாம் தண்டவாளமா, மேல்நிலைக் கம்பியா?

பெங்களூரு, கொச்சி மெட்ரோக்களில் தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் டிசி (நேர்திசை மின்சாரம்) ரயிலுக்குப் போகிறது. சென்னை மெட்ரோவில் தலைக்கு மேல் கம்பியில் 25,000 வோல்ட் ஏசி (மாறுதிசை மின்சாரம்). புதிதாக ஒரு தடம் போட்டால் எது தேவலை?

மின்சாரம்: ஒரு ரயில் வேகமெடுக்கும்போது 3 மெகாவாட் இழுக்கிறது என்று வையுங்கள். 750 வோல்ட்டில் அது 4,000 ஆம்பியர். 25,000 வோல்ட்டில் வெறும் 120. ஆம்பியர் ஏற ஏற வழியிலேயே வோல்ட்டேஜ் விழும். அதனால் டிசிக்கு ஓரிரு கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம் வேண்டும். ஏசிக்குத் தள்ளித் தள்ளி வைக்கலாம். ரயில்களை நெருக்கி விட்டால் டிசி முதலில் திணறுவது இங்கேதான். மும்பை புறநகர் ரயில்கூட 1,500 வோல்ட் டிசியிலிருந்து 25,000 ஏசிக்கு மாறிவிட்டது.

சுரங்கம்: டிசிக்குக் குறுகலாகத் தோண்டலாம். ஏசிக்குக் கம்பிக்கும் இடைவெளிக்கும் கூடுதல் உயரம், செலவும் ஏறும்.

பராமரிப்பு: கம்பியில் பட்டம் நூல் சிக்கும், மரக்கிளை விழும். மூன்றாம் தண்டவாளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தடத்தில் யார் இறங்கினாலும் ஆபத்து.

நகருக்குள் குறுகிய, சுரங்கம் மிகுந்த தடத்துக்கு டிசி சரி. புறநகர் வரை நீளும், கூட்டம் கூடிக்கொண்டே போகும் தடத்துக்கு யோசிக்காமல் ஏசி.