கடை எட்டாத தூரத்தில் ஒரு மாண்டலின்: ஆறு வருடம் வாசித்த பிறகு

என்னிடம் இப்போது இருப்பது இரண்டாவது மாண்டலின். முதலாவது பதினோரு நாள்தான் வீட்டில் இருந்தது. இரண்டாவதுக்கு இந்த வருடத்தோடு ஆறு வயது. இரண்டையுமே வாங்கும் முன் நான் கையால் தொட்டதில்லை, காதால் கேட்டதில்லை. இசைக்கருவிக் கடைக்குப் போய்வர எனக்கு முழுதாக இரண்டு நாள் வேண்டும். அங்கேயும் கிடார்களுக்கு நடுவே ஒரு மாண்டலின் தொங்கினால் அதிர்ஷ்டம்.

தொடங்கும் முன் ஒன்று. மாண்டலின் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது யு. ஸ்ரீநிவாஸ்தான். அவர் வாசித்தது ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின். நான் எழுதுவது எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள் கொண்ட சாதாரண மரக்கருவியைப் பற்றி. சுருதி வயலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ. இதில் கமகத்துக்காகக் கம்பியை இழுத்தால் ஜோடியின் இரண்டு கம்பிகளும் ஒரே அளவு நகர வேண்டும். விரல் கெஞ்சும். கமகம்தான் உங்கள் நோக்கம் என்றால் இந்த அனுபவம் உங்களுக்குப் பாதிதான் உதவும்.

முதல் கருவியை வாங்கியது கண். எஃப் வடிவம், தோளில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஸ்க்ரோல், நடுவில் தேன் நிறமும் ஓரத்தில் கருஞ்சிவப்புமாக சன்பர்ஸ்ட். படத்தில் பார்த்து மயங்கிவிட்டேன். வந்ததும் தெரிந்தது: பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்) கம்பி மூன்று மில்லிமீட்டருக்கும் மேலே நின்றது. முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுரம் கூடியே ஒலித்தது. பல சுரங்களைச் சேர்த்து எந்த கார்டு பிடித்தாலும் ஒரு புளிப்பு. விற்றவரிடம் கேட்டேன். “பக்கத்தில் ஒரு டெக்னீஷியனிடம் காட்டுங்கள், சரியாகிவிடும்” என்றார். பக்கத்தில் டெக்னீஷியன் இருந்தால் நான் ஏன் ஐயா தபாலில் மாண்டலின் வாங்குகிறேன்? திருப்பி அனுப்பினேன். போக வரச் செலவு என் கணக்கில்.

அந்தப் பதினோரு நாள் கற்றுத்தந்ததை வைத்துத்தான் இரண்டாவதைத் தேடினேன். கடைக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒலியைப் பார்த்து வாங்கலாம். தூரத்தில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, இந்தக் கருவி கெட்டால் நானே சரிசெய்ய முடியுமா என்பதை. பலகை மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் உயரம் மாற்றக்கூடியதா, கழுத்து வளைந்தால் திருகி நிமிர்த்த அதற்குள் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு இருக்கிறதா, முறுக்காணி உடைந்தால் அதே அளவில் வேறொன்று கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ வராத கருவியை, எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். வயிறு உருண்ட பழைய நேப்பிள்ஸ் பாணி மாண்டலின்கள் பல அப்படித்தான் போயின. இனிமையான கருவிகள்தான். ஆனால் பல பழையவற்றில் கழுத்து வளைந்தால் திருகி நிமிர்த்த வழியே இல்லை.

ஸ்க்ரோலும் போனது. அதற்குக் கொஞ்சம் மனம் வலித்தது. 1922 முதல் 1924 வரை அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் வடிவமைப்பாளர் லாயிட் லோர் கையொப்பமிட்டு வந்த எஃப்-5 மாண்டலின்கள்தான் இந்த வடிவத்துக்கு இவ்வளவு மவுசு கொடுத்தவை. ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையின் தந்தை எனப்படும் பில் மன்ரோவின் கையில் இருந்ததும் 1923-ஆம் ஆண்டு எஃப்-5. அதனால் எல்லோரும் அதையே நகல் எடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சுருளைச் செதுக்குவது பெரிய வேலை, ஒலிக்கு அதனால் லாபம் கிடையாது. ஒரே தொகைக்கு எஃப் வடிவமும், கண்ணீர்த்துளி போன்ற எளிய ஏ வடிவமும் கிடைத்தால், ஏ-யில்தான் மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் அதிகம் செலவழித்திருப்பார்கள். நான் எடுத்தது ஏ வடிவம், மேற்பலகையில் வயலினைப் போல எஃப் எழுத்து வடிவத் துளைகளோடு. வட்டத் துளை உள்ளவை இன்னும் மென்மையாக, நீளமாக ஒலிக்கும். எனக்கு வெட்டென்று விழும் ஒலி வேண்டியிருந்தது.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் விவரக்குறிப்பில் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். மேற்பலகைக்கு வழக்கமான மரம் ஸ்ப்ரூஸ், ஓர் ஊசியிலை மரம். ‘ஸ்ப்ரூஸ் மேற்பலகை’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் ப்ளைவுட். ‘சாலிட் ஸ்ப்ரூஸ்’ என்றால் ஒரே மரம்தான், ஆனால் சூடுபடுத்தி அழுத்தி வளைத்ததாகவும் இருக்கலாம். ‘சாலிட், கார்வ்டு’ என்று இரண்டு சொல்லும் இருந்தால்தான் தடித்த பலகையிலிருந்து செதுக்கிய வளைவு. ஆர்வில் கிப்சன் 1898-இல் காப்புரிமை பெற்றது இப்படிச் செதுக்கிச் செய்யும் முறைக்குத்தான். படத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்க வழி உண்டு. எஃப் துளையின் விளிம்பை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேலே தெரியும் மர ரேகை விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் ஒரே மரம். கேக் வெட்டியது மாதிரி அடுக்கு தெரிந்தால் ப்ளைவுட். பின்புறமும் பக்கமும் மேப்பிள் மரம். அங்கேயும் சாலிட் என்றால் நல்லது, ஆனால் என் காதுக்கு மேற்பலகைதான் முக்கால்வாசி கருவி. ஈஸ்ட்மன் 305, கென்டக்கி கேஎம்-150 என்ற இரண்டு மாடல்களும் இந்த வகைதான்: ஏ வடிவம், செதுக்கிய ஸ்ப்ரூஸ், மேப்பிள். தேடத் தொடங்குபவர் அவற்றின் விவரக்குறிப்பைப் படித்துவிட்டு மற்றவற்றை ஒப்பிடலாம். என்னுடையதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. இது விளம்பரம் ஆகிவிடக் கூடாது.

விற்றவரிடம் நான் கேட்டது கொஞ்சம் அதிகம்தான். அவர் எரிச்சல்படாமல் செய்தார் என்பதே பாதி நம்பிக்கை தந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அளவுகோலை வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம். தலைப்பக்கத்திலிருந்து கழுத்து நெடுக ஒரு கண்ணால் பார்ப்பது போல ஒன்று. பிரிட்ஜின் பாதம் பலகையில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிய, அடியில் ஒரு தாளை நுழைத்துப் பார்த்து ஒன்று. பிறகு ஒலிப்பதிவு. பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கைதேர்ந்தவர் வாசித்தால் பெட்டிக்கடைப் பொம்மையும் நன்றாகத்தான் ஒலிக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஃப்ரெட் ஃப்ரெட்டாக, மெதுவாக, ஒரு சுரம் அடங்கிய பிறகு அடுத்தது. மூன்று நிமிடம் கேட்கச் சலிப்பான பதிவு. ஆனால் ஏ ஜோடியில் ஏழாம் ஃப்ரெட் லேசாகச் சலசலப்பது அதில்தான் பிடிபட்டது. அனுப்பும் முன் அதைத் தேய்த்துச் சரிசெய்தார். கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் நட்டின் பள்ளங்களையும் இறக்கித் தரச் சொன்னேன். பிரிட்ஜ் உயரத்தை வீட்டில் யாரும் திருகிக்கொள்ளலாம், நட்டை அறுக்கத் தனி அரம் வேண்டும், கொஞ்சம் கூடுதலாக அறுத்தால் போனதுதான். இதற்கு ஒரு சோதனை உண்டு: மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பிக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒரு தாளின் கனம் தெரிந்தால் போதும். என் முதல் கருவியில் அங்கே அட்டையே நுழையும்.

நட் அகலத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக 28.6 மில்லிமீட்டர், சிலவற்றில் 30. ஒன்றரை மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். தடித்த விரல்காரர்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

பெட்டி வந்ததும் ஒரு நாள் பிரிக்காமல் வைத்தேன். பயணத்தில் குளிரிலோ வெயிலிலோ கிடந்த மரமும் வார்னிஷும் அறையின் வெப்பத்துக்குப் பழக வேண்டும். என் பொறுமைக்கு வந்த பெரிய சோதனை அந்த ஒரு நாள். திறந்து சுருதி சேர்த்தேன். ஜி பக்கம் 2 மில்லிமீட்டர், ஈ பக்கம் 1.5. சொன்ன அளவே இருந்தது. ஒலி முதலில் கொஞ்சம் இறுக்கம். நான்கைந்து மாதத்தில் தளர்ந்தது. மரம் பழகியதா, என் கை பழகியதா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆறு வருடத்தில் பெரிய தவறு என்று ஒன்றுதான் செய்தேன், அதுவும் முதல் வருடத்தில். கம்பி மாற்றும்போது ஆர்வத்தில் எட்டையும் ஒரேயடியாகக் கழற்றினேன். பிரிட்ஜ் பொத்தென்று கையில் வந்துவிட்டது. மாண்டலின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, கம்பிகளின் அழுத்தத்தால்தான் நிற்கிறது என்று படித்திருந்தேன். படித்தது கைக்கு வரவில்லை. குத்துமதிப்பாக வைத்து மாட்டினேன். மூன்று வாரம் கருவி பாழாகிவிட்டது என்றே நினைத்தேன். ஜியின் தடித்த கம்பி பள்ளத்தில் இறங்காமல் மேலே ஏறி நின்றது, ஈ ஜோடி அகன்ற பள்ளத்தில் ஆடிச் சலசலத்தது. பிரிட்ஜைத் திருப்பி வைத்திருக்கிறேன்! சரியாக மாட்டிய பிறகு இடத்தைக் கண்டுபிடித்தது அளவுகோலால்தான். என் கருவியில் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை 17.6 செ.மீ. அங்கிருந்து பிரிட்ஜுக்கும் ஏறக்குறைய அதே தூரம், ஒரு நூல் கூடுதலாக. பிறகு ட்யூனரை வைத்துக்கொண்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் விரலால் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாகும் வரை நகர்த்த வேண்டும். அழுத்திய சுரம் கூடினால் பிரிட்ஜ் கழுத்தை விட்டுப் பின்னே, குறைந்தால் கழுத்தை நோக்கி முன்னே. நகர்த்தும் முன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். எட்டும் சேர்ந்து 75 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. இப்போது ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான் மாற்றுகிறேன்.

கம்பி என்றதும்: கிடார் கம்பி உதவாது. மாண்டலினுக்கு முனையில் வளையம் உள்ளது வேண்டும், கருவியின் அடிமுனையில் உள்ள டெயில்பீஸின் கொக்கியில் மாட்டுவதற்கு. நான் போடுவது ஃபாஸ்பர் பிரான்ஸ், ஈ 0.011 அங்குலத்திலிருந்து ஜி 0.040 வரை. அறுவது எப்போதும் ஈ. அதனால் முழு செட் இரண்டும், தனி ஈ கம்பி ஆறும் எப்போதும் அலமாரியில் இருக்கும். தூரத்தில் இருப்பவருக்கு இது சேமிப்புக் கணக்கு மாதிரி.

குறை இல்லாமல் இல்லை. ஏ ஜோடியின் முறுக்காணி ஒன்று மூன்றாம் வருடத்தில் முரண்டு பிடித்தது. திருகினால் அசையாது, திடீரென்று தாவும். ஒரு சொட்டு எண்ணெய் ஓரளவு உதவியது, பிறகு தட்டோடு மாற்றினேன். நான்கு ஆணியும் ஒரே தட்டில் இருப்பதால் துளைகளின் இடைவெளியை அளந்துதான் வாங்க வேண்டும். காற்று வறண்ட மாதங்களில் மேற்பலகை தாழ்ந்து கம்பி ஃப்ரெட்டில் உரசுகிறது, ஈரம் ஏறினால் பலகை உப்பிக் கம்பி எழும்புகிறது. கேஸுக்குள் ஈரமானி ஒன்று போட்டு, ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். அதையும் மீறினால் பிரிட்ஜின் சின்னச் சக்கரங்களைக் கால் சுற்று. ட்ரஸ் ராடை ஆறு வருடத்தில் ஒரே முறைதான் தொட்டேன், அதுவும் எட்டில் ஒரு பங்கு.

இப்போது ஒலி எனக்குக் குறையில்லை. ஆனால் ஏ, ஈ ஜோடிகளுக்கு அடியில் இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகள் பள்ளமாகத் தேய்ந்துவிட்டன. அதைச் சமன்செய்வது என் கைக்கு அடங்காத வேலை. அடுத்த வருடம் எப்படியும் அனுப்பியாக வேண்டும். கருவி வந்த அட்டைப்பெட்டி, உள்ளே அடைத்து வந்த நுரைப்பஞ்சோடு, ஆறு வருடமாகப் பரணில் இருக்கிறது. வீட்டில் எத்தனை முறை சொல்லியும் தூக்கிப் போடவில்லை.