உருண்டை அருமை, ஸ்டாண்ட் கொடுமை: 30 செ.மீ. குளோப் அனுபவம்

மதுரையில் இருக்கும் கல்லூரித் தோழி போன வாரம் போன் செய்தாள். மகள் ஏழாம் வகுப்பு. தேர்வுக்கு முன் அறிவியல், புவியியல் பாடங்களைத் திருப்பிப் பார்க்க வீட்டில் ஒரு குளோப் இருந்தால் நல்லதா, என்னிடம் இருப்பதையே வாங்கலாமா என்று கேட்டாள். அன்றைக்குத்தான் வளைவு உடைந்த குளோப்பைத் தெருமுனை லேத் பட்டறையிலிருந்து சரிசெய்து வாங்கி வந்திருந்தேன். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

திருச்சியில் வீட்டிலேயே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் இருப்பது ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும் சாதாரண மாடல்தான். 30 செ.மீ. விட்டம், பிளாஸ்டிக் உருண்டை, 23½ பாகை சாய்ந்த அச்சு, பக்கத்தில் பாகை அச்சடித்த அரைவட்ட வளைவு, கனமான அடித்தட்டு. மேற்பரப்பு பளபளவென்று இருப்பதால் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தால் பசிபிக் முழுக்க வெள்ளையாகத் தெரியும். அது பெரிய குறையில்லை.

முதலில் உருண்டைக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 42 கிலோமீட்டர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த ஒரு கணக்கைக் கொடுத்தால் போதும், பாடத்தில் பாதி தானாக வந்துவிடும். 8,849 மீட்டர் எவரெஸ்ட் இதில் வெறும் 0.2 மில்லிமீட்டர். மேகம், மழை, புயல் எல்லாம் நடக்கிற வளிமண்டலத்தின் கீழடுக்கு அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் உருண்டையிலிருந்து 1 செ.மீ. தூரத்தில்கூட இருக்காது. எங்கே இருக்கும், காட்டு என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரு முழம் தள்ளித்தான் விரலை நீட்டுவார்கள். நிலவுக்கு நேரெதிர்: கிட்டத்தில் காட்டுவார்கள். பெரிய சாத்துக்குடி ஒன்றைக் கையில் கொடுத்து, நிலவை 9 மீட்டர் தள்ளி நிற்கவைக்க வேண்டும். எங்கள் ஹால் அதற்குப் போதாது, நிலவு வாசற்படியைத் தாண்டித்தான் நிற்கும். சூரியன் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். இதே அளவில் மூன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, 33 மீட்டர் அகலத்தில். அதைக் கேட்டதும் ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள்.

மலைகள் புடைத்து நிற்கும் எம்போஸ் மாடலைக் கடைக்காரர்கள் கூடுதல் விலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். வேண்டாம். விரல் தடவினால் இமயமலை தட்டுப்படுகிற குளோப், மேலே சொன்ன கணக்கு அத்தனையையும் கெடுத்துவிடும்.

இனி ஸ்டாண்ட். என் வயிற்றெரிச்சல் முழுக்க இதன்மேல்தான்.

பருவகாலம் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் ஏன் இப்படிக் கொளுத்துகிறது என்று கேட்டால், சூரியன் கிட்ட வருது மிஸ் என்பார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், 14.7 கோடி கி.மீ. தூரத்தில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், 15.2 கோடி கி.மீ. ஆக, தூரம் காரணமில்லை, சாய்வுதான் காரணம். இதைக் காட்ட ஹால் நடுவில் ஒரு பல்பை ஏற்றிவைத்து, குளோப்பைத் தூக்கிக்கொண்டு பல்பைச் சுற்றி வரச் சொல்ல வேண்டும். அங்கேதான் ஸ்டாண்ட் குழப்பம் பண்ணுகிறது. அடித்தட்டைப் பிடித்துத் தூக்குகிற பிள்ளை, நடக்கும்போது தன் உடம்போடு சேர்த்துக் குளோப்பையும் திருப்பிவிடும். வட துருவம் சுற்று முழுக்கப் பல்பையே பார்த்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு மாதமும் நமக்குக் கோடை, ஆஸ்திரேலியாவுக்கு நிரந்தரக் குளிர்காலம்! ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு குழுவிலும் இதே கதை. அடித்தட்டில் ஓர் அம்புக்குறி அச்சடித்து, சுற்றும்போது இது ஒரே திசையைக் காட்டட்டும் என்று ஒரு வரி போட்டிருந்தால் முடிந்தது. பாடம் நடத்துவதற்கென்றே விற்கிற பொருளில் இதைக்கூட யோசிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சிவப்பு டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். எங்கே நின்றாலும் டேப் வடக்குச் சுவரில் மாட்டியிருக்கும் முருகன் காலண்டரைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அப்படிச் சுற்றினால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் நான்கும் தெளிவாக வந்துவிடும்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. ஸ்டாண்டில் எப்போதும் வட துருவம் மேலே, நாம் பக்கவாட்டில். ஆஸ்திரேலியாக்காரர் ஏன் விழவில்லை என்று ஆறாம் வகுப்பு கேட்கும் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. உருண்டையைக் கழற்றி எடுத்தால் எல்லாம் மாறிவிடும். மொட்டைமாடியில் வெயிலில், பானை வைக்கிற பிரிமணைமேல் உருண்டையை உட்கார வையுங்கள். உங்கள் ஊர் உச்சியில் இருக்கட்டும். வட துருவம் வடக்கே பார்க்கட்டும், போனில் இருக்கும் காம்பஸ் போதும். அவ்வளவுதான். இப்போது அந்த உருண்டை நாம் நிற்கிற பூமிக்கு இணையாகத் திரும்பியிருக்கிறது. பூமியில் எங்கெங்கே வெயில் அடிக்கிறதோ, அங்கெல்லாம் உருண்டையிலும் அதே சூரியன் வெயில் அடிக்கும். திருச்சிமேல் ஒரு சின்ன பொம்மையை நிறுத்தினால் நம்மைப் போலவே நேராக நிற்கும், கீழே என்றால் உருண்டையின் மையம் என்பது சொல்லாமலே விளங்கிவிடும். அச்சு வடக்கே 11 பாகைதான் தூக்கி நிற்பதால் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி இருக்கும். அந்த அச்சு காட்டும் இடத்தில்தான் இரவில் துருவ நட்சத்திரம், தொடுவானத்துக்குச் சற்றே மேலே.

ஒரு நாள் மாலை 4.30 மணிக்கு இதைச் செய்துகொண்டிருந்தோம். வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற கோடு சரியாகச் சிங்கப்பூர் பக்கம் விழுந்திருந்தது. ஒரு மாணவியின் அப்பா அங்கே வேலை பார்க்கிறார். போன் வாங்கி வீடியோ கால் போட்டாள்.

"அப்பா, ஜன்னல் பக்கம் போங்க. அங்க சூரியன் மறையுதா?"

"ஆமாம்மா, இப்பத்தான். ஏன், யாரு சொன்னா?"

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். எதிர்க்கட்டடங்களுக்குப் பின்னால் வானம் சிவந்திருந்தது, அங்கே மணி 7. இந்தப் பக்கம் ஒரு பையன் தரையில் படுத்துக்கொண்டு உருண்டையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, மிஸ், கொலம்பியாவில் விடியுது என்று கத்தினான். நேர வலயம் பாடத்தை அதற்குப்பிறகு நான் நடத்தவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருச்சியில் வருஷத்துக்கு இரண்டு நாள், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நம் கடிகாரத்தில் 12.15 வாக்கில். அந்த ஏப்ரல் நாளில், இரண்டு செ.மீ. தீக்குச்சித் துண்டுகளைக் களிமண் வைத்து டெல்லி, திருச்சி, கொழும்பு மூன்றிலும் நிறுத்துங்கள். திருச்சிக் குச்சிக்கு நிழலே இருக்காது. பக்கத்தில் இருக்கும் தண்ணீர் டிரம்முக்கும் இருக்காது. டெல்லிக் குச்சியின் நிழல் அரை செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக வடக்கே விழும். கொழும்புக் குச்சியின் நிழலைப் பார்க்கத்தான் முட்டி மோதுவார்கள். ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும், ஆனால் தெற்கே விழும்! சூரியன் அங்கே உச்சியைத் தாண்டி வடக்கே வந்துவிட்டது. எரட்டோஸ்தெனிஸ் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட பாடத்தைப் படிக்க இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. ஆகஸ்டில் மேகம் கெடுக்கலாம். அதே மேகமும் பருவக்காற்றும்தான் இரண்டாவது உச்சிச் சூரியனைக் கத்திரி வெயிலாக விடாமல் வைத்திருக்கின்றன என்று சொல்ல அதுவும் ஒரு வாய்ப்பு.

இவ்வளவும் உருண்டையைக் கழற்றினால்தான். கழற்றவோ இந்த மாடலில் வழியே இல்லை. மேலே ஒரு அலங்கார மூடி, கீழே தென் துருவத்தில் பசை வைத்து அடைத்த பிளாஸ்டிக் முளை. வளைவை விரித்து வளைத்துத்தான் உருண்டையை உருவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் வளைவு நறநறவென்று சத்தம் போடும், போன மாதம் அண்டார்டிகா பக்கம் பட்டென்று விட்டது. விற்றவர்களிடம் ஸ்பேர் கேட்டால், ஸ்டாண்ட் தனியாக வராது, புதுசு வாங்கிக்கோங்க என்றார்கள். லேத் பட்டறை அண்ணன் உடைந்த இடத்தில் ஒரு பித்தளைத் தகடு வைத்து ரிவெட் அடித்து, பிளாஸ்டிக் முளைக்குப் பதில் பித்தளைக் கம்பி கடைந்து, ஒரு விங் நட்டும் போட்டுக் கொடுத்தார். இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளையே விரலால் திருகிக் கழற்றிவிடும். ஒரு நட்டுக்கு என்ன விலை வரும்? விற்கும்போதே போட்டிருக்கக் கூடாதா?

ஆகவே தோழிக்குச் சொன்ன பதில்: இந்த மாடலை வாங்காதே. என்னிடம் இருப்பதை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, ஆனால் கடையிலிருந்து வரும் நிலையில் இதற்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வராது. கடைக்குப் போனால் முதலில் உருண்டையைக் கழற்றிக் காட்டச் சொல். கழன்றால் 25 செ.மீ. அளவாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள். அதெல்லாம் கழற்றக் கூடாதும்மா என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போ. காற்றடிக்கிற பந்து குளோப் மலிவு, ஸ்டாண்ட் தொல்லையும் இல்லை. ஆனால் சீக்கிரம் காற்று இறங்கி உருமாறிவிடுவதால் நிழல் சரியாக விழாது. மதுரைக்கு உச்சிச் சூரியன் ஆகஸ்ட் 27 வாக்கில், 12.20-க்கு வரும். அதற்குள் வாங்கிவிடு, பிரிமணை உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கும்.