காணிக் குழுவில் மூன்று வருடம்: மச்சானின் கேள்விக்கு

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் மச்சான் போன வாரம் கேட்டான், "கூட்டாகக் காணி வாங்கும் குழு ஒன்றில் சேர யோசிக்கிறேன். நீ இருக்கிற குழு எப்படி?" போனில் பாதிதான் சொன்னேன். மீதி இது.

மட்டக்களப்பு நகரத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். சந்தா, கூட்டம், தேநீர் எல்லாம் மற்றக் குழுக்களைப் போலத்தான்.

நான் எதிர்பாராமல் கிடைத்தவர் எங்கள் நில அளவையாளர் ஐயா. ஓய்வுபெற்றவர். கூட்டம் முடிந்ததும் காணிக்கே கூட்டிப்போவார். ஆரையம்பதியில் ஒரு வளவில் எல்லைக் கல்லைத் தேடி வேலியோரம் மண்ணைக் கிண்ட வைத்தார். 20 பேர்ச்சஸ் என்று விலை சொன்ன காணி, அளந்தால் 17½தான். படுவான்கரையில் வயல் பார்க்கப் போனால் அவருடைய முதல் கேள்வி, "உறுதிக் காணியா, பர்மிட் காணியா?" உறுதி என்றால் நொத்தாரிசு எழுதிக் கொடுக்கும் உரிமைப் பத்திரம். பர்மிட் காணி அரச காணி, பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. கடற்கரைப் பக்கம் என்றால் 300 மீட்டர் கணக்கைச் சொல்வார். அதற்குள் கட்டிடம் எழுப்பக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இதையெல்லாம் எந்தத் தரகரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் வாங்கப்போகும் காணியின் உறுதிப் பிரதியைக் குழுவை நடத்துகிறவர்களிடம் கேட்டுப் பார். "நொத்தாரிசிடம் இருக்கு, பிறகு தாறம்." மூன்று வருடமாக இதே பதில்தான்!

இரண்டாம் வருடம் கல்லடியில் ஒரு காணிக்கு எட்டுப் பேர் சேர்ந்தோம். முற்பணத்துக்கு ஒரு வாரக் கெடு. கட்டிய பிறகுதான் நானே காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். விற்க வந்தவருக்கு ஐந்தில் ஒரு பங்குதான், அதுவும் பிரிக்கப்படாத பங்கு. மற்ற நான்கும் சகோதரர்களுடையது, அதில் இரண்டு பேர் வெளிநாட்டில். முற்பணம் திரும்பி வர ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் என் மனைவியின் நகை அடகில் கிடந்தது. இன்னும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: பொருளாளர் ஒரு ரூபாயும் குறையாமல் கொடுத்தார். மாதாமாதம் கணக்கை எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார். களவு இல்லை, அவசரம்தான். அந்த அவசரம்தான் எனக்குப் பயம்.

எந்தக் குழுவானாலும் முதலில் இதைக் கேள்: காசு கட்ட முன் உறுதியின் பிரதியும் முப்பது வருடப் பதிவேட்டுத் தேடலும் என் கைக்கு வருமா? உறுதியில் என் பெயர் இருக்குமா, இல்லை வேறொருவர் பெயரில் எழுதி வாய்ப்பேச்சில் பங்கா? காணிக்கு வாய்ப்பேச்சு செல்லாது. நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் உரிமை. எட்டுப் பெயரும் ஏறினாலும், ஒருவர் விலக நினைத்தால் என்ன செய்வது என்று முதலே எழுதி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பங்கீட்டு வழக்கில் போய் நிற்கும்.

மச்சான், எங்கள் குழுவில் நீ சேராதே. நான் இந்த மாதச் சந்தாவையும் கட்டிவிட்டேன், ஐயா நடக்கும்வரை கட்டுவேன். வருகிற ஞாயிறு செங்கலடிப் பக்கம் ஒரு காணி பார்க்கப் போகிறோம். நீயும் வா. காசு மட்டும் கொண்டு வராதே.